ஆராய்ச்சிச் செலவு: ஒரு செவலைக் கிடா

நாட்டுக்காக நான் ஒரே ஒரு தடவைதான் உழைத்திருக்கிறேன். அரசாங்கக் கணக்கெடுப்பு ஒன்றில் மூன்று மாத ஒப்பந்த வேலை. அதற்குள் கூடப்பிறந்த அக்காவைப் புருஷன் வீட்டிலிருந்து கிளப்பி, பதினோரு நாள் எங்கள் வீட்டில் உட்கார வைத்து, நான் வராந்தாவில் கொசுவோடு படுக்கும்படி செய்துகொண்டேன். எல்லையில் போய் நின்றவர்கள்கூடச் சொந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு சேதம் செய்திருக்க மாட்டார்கள். (இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.)

ஒரு நாடு மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் கெடுக்காமல் வளர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மரத்தை எண்ணலாம். புகையை அளக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. புகை இல்லாமல், குப்பை இல்லாமல் தொழில் செய்வதற்குப் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க அந்த நாட்டு ஆட்கள் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று கூட்டிப் பார்ப்பது. ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவு என்று அதற்குப் பெயர். பெரிய மனிதர்கள் டி.வி.யில் ஒரு கோட்டைக் காட்டி, இது ஏறுகிறது, இது இறங்குகிறது என்று பேசுகிறார்களே, அந்தக் கோடு வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு அடியில், கிளிப் வைத்த அட்டையும் பால்பாயிண்ட் பேனாவுமாக, ஏதாவது ஒரு பட்டறை வாசலில் நாய்க்குப் பயந்து நின்றுகொண்டிருப்பான் ஒருத்தன். அந்த வருஷம் மதுரைப் பக்கம் அப்படி நின்றவர்களில் நானும் ஒருத்தன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தபால்வழி பி.ஏ.வைப் பாதியில் விட்டிருந்தேன். மிச்சப் படிப்பெல்லாம் டீக்கடைப் பேப்பரில்தான். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அடுத்தவர் பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன், நல்லதாக ஒன்று விழுந்தால் எழுதி வைத்துக்கொள்வேன். இந்த வேலைக்கு அது போதும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

தல்லாகுளத்தில் ஒரு வாடகை ஹாலில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஜெயசீலி மேடம், பசுமலைக்காரர். அப்பா, அம்மா, பெரியம்மா என்று வீட்டில் எல்லாரும் மிஷன் ஸ்கூல் டீச்சர்கள். அதனால் மேடம் முன்னால் நாற்பது வயது ஆளும் கையைக் கட்டிக்கொள்வார். அவர் சொன்ன விதிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"தோத்துப்போன முயற்சியும் செலவுதான் தம்பி. ஓடாத மெஷினையும் எழுதணும். ரெண்டாவது, காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காம விடக்கூடாது. மூணாவது, எழுதி முடிச்சதும் சத்தமா வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும். கேக்காமலே பூஜ்யம் போட்டுக் கொண்டாந்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

நான்காவதாகவும் ஒன்று சொன்னாராம். அப்போது நான் வடைக்குப் போயிருந்தேன்.

மொத்தம் இருபது பட்டறைகள், கம்பெனிகள். இருபது படிவமும் குறையில்லாமல் திரும்பி வந்தால் அடுத்து ஒரு வருஷ வேலை உண்டு என்றார்கள். அந்த ஒரு வருஷத்தை அம்மா அன்றைக்கே தெருவில் பாதிப் பேருக்கு நிரந்தர வேலையாக மாற்றிச் சொல்லிவிட்டார். ஆகவே இருபதும் வந்தே ஆக வேண்டும்.

அப்பளக் கம்பெனிக்குப் போனேன். "ஆராய்ச்சியா? பொண்ணு பாக்குறப்ப ரெண்டு சாதகத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணோம் தம்பி, அம்புட்டுதான்" என்றார் முதலாளி. ரைஸ் மில்காரர் என்னை வருமான வரி ஆள் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த ரெண்டாவது வீடு என் தம்பிக்குள்ளது" என்று தானாகவே சொன்னார். டயர் பட்டறை அண்ணன் நிதானமாக யோசித்துவிட்டு, "எம் மகன் காலேஜ்ல என்ன படிக்கிறான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கேன். நாலு வருசமாச்சு, விடை வரல. அது சேருமாண்ணே?" என்று கேட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். பொறுப்பான கேள்வியாகக் கேட்டதால் அண்ணே போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று இருந்த கட்டத்தில் சொன்னது சொன்னபடி எழுதினேன். கட்டம் போதாமல் பின்பக்கமும் ஓடியது. செலவுக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம். பத்தொன்பது படிவம், பத்தொன்பது பூஜ்யம். கேட்டு வாங்கிய நேர்மையான பூஜ்யங்கள்தான். ஆனாலும் நாட்டின் கோட்டை நானே ஒற்றை ஆளாகக் கீழே இழுத்துக்கொண்டு போவதாக எனக்குள் ஒரு கவலை.

இருபதாவது பெயர், தவமணி வெல்டிங் பட்டறை, செக்கானூரணிப் பக்கம். தவமணி என்பவர் என் அக்கா ராசாத்தியின் கணவர். பட்டியலில் மச்சான் பெயரைப் பார்த்ததுமே அதைக் கடைசிக்குத் தள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா கறிக் கோலா உருண்டை போடும். (கடமை ஒரு பக்கம், கோலா ஒரு பக்கம். நான் இரண்டையும் மதிப்பவன்.)

பட்டறை, வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் அரசாங்கக் குரலில் ஆரம்பித்தேன். "சுற்றுச்சூழலுக்கு உகந்த புதிய பொருளையோ செய்முறையையோ கண்டுபிடிக்க ஏதேனும் முயற்சி எடுத்ததுண்டா?"

இல்லை என்பார், பூஜ்யம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். மச்சான் எழுந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினார். மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். அடியில் வரிசையாக ஐந்து தகரப் பெட்டிகள். மேலே கண்ணாடி, பக்கவாட்டில் சின்ன ஃபேன், உள்ளே கம்பி வலைத் தட்டுகள்.

"முருங்கை இலை மாப்ள" என்றார். "இலைப் பொடிக்கு நல்ல கிராக்கி. ஆனா இலையை வெயில்ல போட்டா பழுத்துப் போகும், நெழல்ல போட்டா பூஞ்சை புடிக்கும். கரண்டு மெஷின் வாங்குனா பில்லு கட்டி முடியாது. அதான், வெயிலை வடிகட்டிக் குடுக்கிற மாதிரி ஒரு பொட்டி. இலை காயணும், பச்சை போகக் கூடாது."

"எத்தனை நாளா மச்சான் இது?"

"ஏழு வருசம். மொதப் பொட்டில இலை கருகிருச்சு. ரெண்டாவதுல எறும்பு. மூணாவதுல காத்து அடிச்ச அடியில இலை பூரா கெணத்துக்குள்ள போயிருச்சு. நாலாவது பரவால்ல, ஆனா பச்சை நிக்கல. அஞ்சாவது…" என்று சொல்லி நிறுத்தி, கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைத்தார். "ஏழு வருசத்துல என்ன பண்றேன்னு ஒருத்தன் ஒக்காந்து கேக்கல மாப்ள. நீதான் மொத ஆளு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மதுரை வெயிலையே பெட்டிக்குள் போட்டு அடக்கப் பார்க்கிற ஒருத்தர் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்திருக்கிறார், நான் ஊரெல்லாம் பூஜ்யம் பொறுக்கியிருக்கிறேன்! வெல்டிங் ராடு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த நோட்டை எடுத்தார். தகரம், கண்ணாடி, ஃபேன், சோலார் தகடு என்று எல்லாமே தேதி வாரியாக இருந்தது. தோத்துப்போன முயற்சியும் செலவுதான். ஒன்றுவிடாமல் ஏற்றினேன். கூட்டிப் பார்த்தால், மாடியில் ஒரு ரூம் கட்டுகிற தொகை. அக்கா ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற, மச்சான் ஏழு வருஷமாகக் "காசுக்கு எங்க போறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிற அதே மாடி ரூம்.

"இந்தக் கண்ணாடிக்குக் காசு எங்க இருந்து மச்சான் வந்துச்சு?"

"அதெல்லாம் எதுக்கு மாப்ள?"

"கேக்காம விடக்கூடாதுன்னு விதி. அரசாங்கத்துக்கிட்ட ஒளிக்கலாமா?"

மச்சான் கதவைப் பார்த்தார். என் காதருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கிடா."

இங்கே நான் கிடாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா தனக்கென்று ஒரு செவலைக் கிடா வளர்த்தது. கொம்புக்கு எண்ணெய் போடும். பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவதுபோல அதற்கு வாழைப்பழம் ஊட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால் அது காணாமல் போனது. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அழகர்கோவிலுக்குப் போய், காவல்தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பாகக் கும்பிடுகிற கதவு முன்னால் தலையை விரித்துப் போட்டு நின்று, "என் கிடாயைத் தூக்குனவன் கை வெளங்காமப் போகணும் சாமி" என்று முறையிட்டுவிட்டு வந்தது. எங்கள் பக்கத்தில் கருப்பிடம் ஒரு வழக்கைக் கொண்டுபோய்விட்டால், கோர்ட்டில் போட்டதைவிடப் பெரிய காரியம். அங்கே வாய்தா கிடையாது.

அழகர்கோவிலுக்கு அக்காவைத் தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனவர் மச்சான். சூடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அவர் ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுத்தான் வெல்டிங் அடிப்பார். அது ஊருக்கே தெரியும். ஏன் என்பது எவருக்கும் தெரியாது.

எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் பேனாவைத் திறந்து, 'நிதி ஆதாரம்' என்ற கட்டத்தில் எழுதினேன். எழுதிவிட்டு மூன்றாவது விதிப்படி எழுந்து நின்று, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பித்தேன்.

"ஆராய்ச்சியில் ஈடுபட்ட நபர்கள்: ஒன்று. ஆராய்ச்சியின் காலம்: ஏழு வருடம். வெற்றி பெறாத முயற்சிகள்: நான்கு…"

கதவு திறந்த சத்தம் கேட்டது. வாசனையும் வந்தது. கோலா உருண்டை வந்துவிட்ட உற்சாகத்தில் குரலை இன்னும் உயர்த்தினேன். எதிரே மச்சான் ஒரு கண்ணை அடித்தார். பிறகு இரண்டு கண்ணையும் அடித்தார். பட்டறைத் தூசி என்று நினைத்தேன்.

மொத்தத் தொகையை வாசித்தேன். பின்னால் தட்டு லேசாக ஆடியது.

"நிதி ஆதாரம்: சொந்தச் சேமிப்பு. மற்றும், செவலைக் கிடா ஒன்று."

திரும்பினேன். அக்கா தட்டோடு நின்றது. முகத்தில் கோபம்கூட இல்லை. மச்சானைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டது.

"சூடம் நீங்கதான வாங்கிக் குடுத்தீக?"

மச்சான் கையுறையைப் போட்டுக்கொண்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. கோலா உருண்டையோடு அப்படியே வீட்டுக்குள் போனது, ஒரு பையைத் தூக்கியது, பஸ் ஏறியது. மதுரையில் எங்கள் வீட்டில் இறங்கும்போது தட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று அம்மா சொன்னார். நான் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

இதில் எனக்குத் தனிச் சிக்கல் ஒன்று. மச்சான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வந்தாத்தான் கையெழுத்து. இந்தக் கை எம்புட்டு நாளைக்கு இருக்குமோ, எனக்கே தெரியல. கருப்புக்கிட்ட அவளே போயிச் சொன்னாத்தான் ஆச்சு."

"ஒரே ஒரு கையெழுத்து மச்சான். இருபதாவது ஃபாரம்."

"மாப்ள, ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லல. நீ கேட்ட, நான் சொன்னேன். ஆனா சத்தமா வாசிச்ச பாத்தியா…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் அக்கா என் கட்டிலை எடுத்துக்கொண்டது. டி.வி. ரிமோட் அதன் தலையணைக்கு அடியில் போனது. அம்மாவோ, "நிரந்தர வேலைன்னு தெருவெல்லாம் சொன்னேனே" என்று என்னிடமும், "ஒரு கிடாய்க்காக ஒரு புருஷனை விடுவாகளாடீ?" என்று அக்காவிடமும் முறை வைத்துப் பேசினார்.

ஒன்பதாம் நாள், வேறு வழியில்லாமல் தல்லாகுளம் போய் மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நாலாவது விதி என்ன தம்பி?"

நோட்டைப் புரட்டினேன். மூன்றோடு முடிந்திருந்தது.

"ஃபாரத்துல உள்ளது, சொன்னவர் காதுக்கு மட்டும். மூணாவது ஆள் இருந்தா வாசிக்கக் கூடாது."

"அக்கா எப்படி மேடம் மூணாவது ஆளு? பொண்டாட்டியாச்சே?"

"அதை உங்க அக்காட்டயே கேளுங்க. மறைக்காம கேளுங்க. இன்னும் ரெண்டு நாள்ல ஃபாரம் வரணும்."

டீச்சர் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்? வீட்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில், எட்டி உதைத்தால் படாத தூரத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இந்த ஃபாரத்துல நீ மூணாவது ஆளா?"

"என்ன எழுதிருக்க? முழுசா வாசி."

வாசித்தேன். இந்தத் தடவை மெதுவாக. முதல் வரியிலேயே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நில்லு. ஆராய்ச்சில ஈடுபட்ட ஆளு எத்தனைன்னு போட்டிருக்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஏழு வருசமா முருங்கை இலையை உருவுனது யாருடா? அது பாட்டுக்குக் கொப்புல இருந்து எறங்கி வந்து பொட்டிக்குள்ள படுத்துக்கிருச்சா? நரம்பு ஆஞ்சது யாரு? தட்டுல பரத்துனது யாரு? எறும்புன்னு மொதல்ல பாத்ததே நான்தான். கருகுன இலையை ரசத்துல போட்டு இது கசக்குதுன்னு சொன்னது நான். கெணத்துக்குள்ள போன இலையை வாளி வாளியா எறைச்சது நான். எங்கடா என் கணக்கு?"

"அப்ப… ஒனக்குப் பொட்டி பத்தித் தெரியுமா?"

"பொட்டி தெரியாமலா இம்புட்டு நாளும் உருவிக் குடுத்தேன்? பழைய தகரத்துல ஏதோ செய்யுறாருன்னுதான் நெனச்சேன். அம்புட்டுக் காசு போட்டது தெரியாது. கிடா தெரியாது. கேட்டிருந்தா நானே புடிச்சுக் குடுத்திருப்பேன்டா. கேக்கலையே அவரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு வேறு குரலில், "அஞ்சாவது பொட்டி இலை பச்சையா நிக்குதுல்ல?" என்றது.

"நிக்குதுக்கா."

"நிக்கும். ஃபேனை அடியில வைக்கச் சொன்னதே நான்தான்."

அக்கா மூன்று நிபந்தனை போட்டது. ஆராய்ச்சி செய்த ஆள் இரண்டு என்று திருத்தி, அதன் பெயரை முதலில் எழுத வேண்டும். அதன் ஏழு வருஷ வேலையும் செலவில் ஏற வேண்டும். கிடா 'மற்றும்' என்று வரக் கூடாது, "முதலீடு, ராசாத்தி" என்று தனியாக வர வேண்டும். மேடத்துக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவங்க வேலை பாத்தது உண்மைன்னா அதை விட்டதுதான் தப்பு. திருத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதினோராம் நாள் மூன்று பேரும் அழகர்கோவில் போனோம். மச்சான் கையுறையோடுதான் வந்தார். கருப்பின் கதவு முன்னால் சூடம் ஏற்றினோம். இந்தத் தடவை அக்காவே வாங்கியது. கிடாயைத் தூக்கியதை மச்சான் தானே சொல்லி விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கவில்லை. அக்கா என்ன சொல்லப்போகிறதோ என்று அதன் வாயையே பார்த்தேன். அடுத்த வருஷ வேலை, மச்சானின் கை, என் கட்டில் எல்லாம் அந்த வாயில் இருந்தது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டது. "சாமி, கிடாயைத் தூக்குனவன் கெடச்சுட்டான். இனிமே நீ செரமப்படாத. நான் பாத்துக்கிறேன்."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். சாமியே தண்டித்திருந்தால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு முகம். ஆனாலும் கையுறையைக் கழற்றினார். அங்கேயே என் அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அக்காவும் பக்கத்தில் போட்டது. கட்டம் இல்லாத இடத்தில், கட்டத்தைவிடப் பெரிதாக.

எனக்கு அந்த ஒரு வருஷ வேலை கிடைக்கவில்லை. நான்காவது விதியை மீறியவனை மறுபடி வீடு வீடாக அனுப்ப முடியாது என்று மேடம் நேராகவே சொன்னார். ஆனால் அதன்பிறகு நடந்த ஒவ்வொரு பயிற்சிக்கும் என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார். "தம்பி, எந்திரிச்சு நாலாவது விதியைச் சொல்லுங்க" என்பார். நான் கிடாயிலிருந்து ஆரம்பிப்பேன். இப்போது அந்த மாதிரிப் பயிற்சிகளில் பேசுவதே எனக்குப் பாதிப் பிழைப்பு ஆகிவிட்டது. வடை வருகிற நேரத்தில் மட்டும் ஒருவரையும் வெளியே விடுவதில்லை.

அந்தக் கணக்கின் அறிக்கை பிற்பாடு வந்தது. அதிலிருந்த கோட்டை போனில் எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். நாடு முழுக்கச் செய்த செலவு அந்த ஒற்றைக் கோட்டுக்குள் இருந்தது. அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தது.

"இதுல நம்ம கிடா எங்கடா இருக்கு?"

சும்மா ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்கயா? மேல ஏறுதே!" என்றது. மச்சானையும் கூப்பிட்டுக் காட்டியது.

மாடி ரூம் இப்போது கட்டியாகிவிட்டது. ஆறாவது பெட்டி அதன் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. இலை பச்சையாகவே காய்கிறது. கீழே அக்கா மறுபடி ஆடு வளர்க்கிறது. வீட்டில் சீப்பு காணோம், டம்ளர் காணோம் என்றால் ஒருவரும் தேடுவதில்லை. "ஆராய்ச்சிக்குப் போயிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செக்கானூரணி போகிறேன். கையில் அட்டையும் இல்லை, பேனாவும் இல்லை. இருந்தாலும் என் தலை தெரு முனையில் தெரிந்ததுமே அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கும்:

"ஏங்க, ஒங்க மச்சினன் வாரான். ஆட்டை எண்ணிக் கட்டுங்க!"